வாய் திறந்தே வாழும் உயிர்

தலை கிடையாது. கண் கிடையாது. மூளை என்று சொல்லத்தக்க ஒன்றும் கிடையாது. நரம்பு முடிச்சுகள் சில உண்டு, அவ்வளவுதான். எண்ணூர், காசிமேடு பக்கம் கடலோரக் கருங்கற்களைப் பற்றிக் கிடக்கும் பச்சைச் சிப்பியை முதல் தடவை பார்ப்பவருக்கு அது ஒரு பிராணி என்றே தோன்றாது. கல்லோடு கல்லாக இருக்கும். ஓட்டின் விளிம்பில் மட்டும் மயில் கழுத்துப் பச்சை மின்னும். குமரி மாவட்டத்தில் முட்டம், கடியப்பட்டணம், குளச்சல் பக்கம் மூழ்கி எடுக்கிறார்களே, அந்தப் பழுப்புச் சிப்பி இதற்குச் சகோதரி முறை. அங்கே அதற்குத் தனிப் பெயர்கூட வேண்டியதில்லை. சிப்பி என்றாலே அதுதான். வறுத்த தேங்காயும் மிளகும் சேர்ந்து சட்டியில் மணக்கும்வரை நம்மில் பலர் அதை ஏறிட்டும் பார்ப்பதில்லை.

பார்க்க வேண்டும். படைப்பின் கைவேலைப்பாடு யானையிலும் திமிங்கலத்திலும்தான் தெரியும் என்று எண்ணுகிறவர்கள், ஒரு சிப்பியைக் கண்ணாடிக் கிண்ணத்தில் கடல்நீர் ஊற்றி அசைக்காமல் அரைமணி நேரம் வைத்துப் பார்க்கட்டும். முதலில் இறுக மூடிக்கொண்டிருக்கும். பிறகு, ஆபத்து ஒன்றும் இல்லை என்று நிச்சயம் செய்துகொண்டாற்போல, இரண்டு ஓடுகளும் ஒரு நூலிழை விலகும். உள்ளிருந்து மெல்லிய சதை விளிம்பு எட்டிப் பார்க்கும். நீர் ஒரு பக்கம் நுழைந்து மறு பக்கம் வெளியேறத் தொடங்கும். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் பாசி கலங்கிய பச்சை நீராக இருந்தால் ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் கிண்ணம் தெளிந்துவிடும். நன்கு வளர்ந்த சிப்பி ஒன்று மணிக்குச் சில லிட்டர் நீரைத் தன் உடல் வழியே செலுத்துகிறது. இரவும் பகலும் இதே வேலை.

செவுளின் ஒரு துணுக்கைக் கத்தரித்து, ஒரு சொட்டுக் கடல்நீரோடு நுண்ணோக்கியின் கீழ் வையுங்கள். உடலைவிட்டுப் பிரிந்த பின்னும் அந்தத் துணுக்கு மணிக்கணக்கில் உயிரோடு இருக்கும். வரிசை வரிசையாக மெல்லிய இழைகள். ஒவ்வொரு இழையின் ஓரத்திலும் கோடானுகோடி நுண்மயிர்கள். ஒரு பகுதி மயிர்கள் நீரைத் தள்ளுகின்றன. இன்னொரு பகுதி, சீப்புப் பற்களாக விரிந்து, நீரில் வரும் துகள்களைப் பிடிக்கின்றன. மூன்றாவது பகுதி பிடித்ததைச் சளியில் சேர்த்து வாயை நோக்கி நகர்த்துகின்றன. ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறிட்டால் அதில் நாலைந்து கூறு பருமன் உள்ள துகள்கூடத் தப்பாது. எல்லா மயிரும் ஒரே கணத்தில் அடிப்பதில்லை. ஒன்றுக்கு அடுத்து ஒன்று நொடியில் சிறு பங்கு தாமதித்து அடிப்பதால், செவுளின் மேல் ஓர் அலை ஓடிக்கொண்டே இருக்கிறது. வாய்க்குப் போகும் வழியில் இன்னொரு சோதனை உண்டு. மண்ணும் பயனில்லாத துகளும் தனியே பிரிக்கப்பட்டு, சளியில் சுருட்டி, தின்னாமலேயே வெளியே தள்ளப்படும்.

இந்த நுண்மயிர்களை ஓட்டுவது எது தெரியுமா? செரட்டோனின். நம் மூளையில் மனநிலையோடும் தூக்கத்தோடும் உறவுடைய அதே பொருள். செவுளுக்கு அது வந்தால் நீர் தள்ளும் மயிர்கள் வேகம் கொள்ளும். டோபமைன் என்ற இன்னொரு மூளைப் பொருள் வந்தால் தளரும். தலையே இல்லாத பிராணிக்கும் நமக்கும் ஒரே வேதிப்பொருள்களை வைத்துப் படைத்தவன் வேலை செய்திருக்கிறான். இந்த உறவு எவ்வளவு நெருக்கமானது என்பது 1998இல் ஒரு வேடிக்கையான சோதனையில் தெரிந்தது. மனச்சோர்வுக்கு மருத்துவர்கள் எழுதிக்கொடுக்கும், செரட்டோனினைக் கூடுதல் நேரம் தங்கவைக்கும் மாத்திரைகளின் மருந்தை மிகச் சிறிய அளவில் நீரில் கலந்தபோது, ஜீப்ரா சிப்பி என்ற நன்னீர் இனம் காலமல்லாத காலத்தில் முட்டையும் விந்தும் சொரிந்தது. மருந்தில் பிழை இல்லை. மனிதருக்காகச் செய்த மருந்துதான். ஆனால் நாம் விழுங்கும் மாத்திரையில் ஒரு பங்கு சாக்கடை வழியே ஆற்றுக்குப் போகிறது. அங்கே காத்திருப்பவனுக்கும் அதே பூட்டு இருக்கிறது.

இதைத்தான் நான் அதிசயம் என்றும் அச்சம் என்றும் ஒருசேர உணர்கிறேன். வாய் திறக்காமல் சிப்பி வாழ முடியாது. கடல் முழுவதும் தன்னுள்ளே வந்துபோக இடம் கொடுத்துத்தான் அது மூச்சு விடுகிறது, உண்கிறது, இனம் பெருக்குகிறது. அந்தத் திறந்த வாசல் வழியாகத்தான் நம் கழிவும் உள்ளே போகிறது.

சிப்பிக்கு மூடத் தெரியும் என்பதையும் சொல்ல வேண்டும். கல்பாக்கம் அணுமின் நிலையத்துக்குக் குளிர்விக்கும் கடல்நீர், கடல் தரைக்கு 53 மீட்டர் கீழே குடைந்த 468 மீட்டர் நீளச் சுரங்கம் வழியாக வருகிறது. இருட்டு, ஓயாமல் ஓடும் நீர், வேட்டையாட வரும் எதிரி குறைவு: பச்சைச் சிப்பிக்கு இதைவிட நல்ல வீடு ஏது? சுவரெங்கும் படை படையாக ஒட்டிக்கொண்டது. விரட்டக் குளோரின் விட்டார்கள். சிப்பி நீரில் குளோரின் வாடை பட்ட உடனே ஓட்டை மூடிக்கொண்டது. மூடிய நிலையில் அது ஆக்சிஜன் இல்லாமல் சமாளிக்கும். இதயத் துடிப்பைக் குறைத்து, உடலின் வேதியியலையே வேறு தடத்துக்கு மாற்றி, நாள்கணக்கில் தாக்குப்பிடிக்கும். குளோரினை விட்டு விட்டுச் செலுத்தினால் குளோரின் நிற்கும் இடைவெளியில் சிப்பி திறந்து மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி மூடிக்கொள்ளும். தொடர்ந்து விட்டால்தான் பயன் என்பதை ஆய்வாளர்கள் வருடக்கணக்கில் உழைத்துக் கண்டார்கள்.

போலந்தின் தலைநகர் வார்சாவில் இதே குணத்தை உத்தியோகமாக்கிவிட்டார்கள். விஸ்துலா ஆற்றிலிருந்து குடிநீர் எடுக்கும் நிலையத்தில் எட்டு நன்னீர்ச் சிப்பிகள் பணியில் இருக்கின்றன. ஓடுகள் எவ்வளவு விலகியிருக்கின்றன என்பதைக் கருவி ஒன்று சதா அளந்துகொண்டிருக்கும். பல சிப்பிகள் ஒன்றாக மூடிக்கொண்டால் மணி அடிக்கும். சில மாதம் வேலை பார்த்த சிப்பிகளை எடுத்த இடத்திலேயே திரும்ப விட்டுவிடுகிறார்கள். ஓய்வூதியம் இல்லை என்பதுதான் குறை.

ஆனால் மூடுவது வாடை தெரிகிற விஷத்துக்கு. தெரியாமல் வருவதை எப்படிச் சமாளிப்பது? அங்கேதான் காட்சி ஓட்டிலிருந்து செல்லுக்கு மாறுகிறது. நான் சொல்ல வந்ததும் அதைத்தான்.

செல்லைச் சுற்றியிருக்கும் படலம் கொழுப்பால் ஆனது. கொழுப்பில் கரையும் எந்தப் பொருளும் அதன் வழியே நழுவி உள்ளே வந்துவிடும், தடுக்க முடியாது. எனவே செல் அடுத்த ஏற்பாட்டைச் செய்து வைத்திருக்கிறது. படலத்திலேயே புரதத்தாலான இறைவைகள் பதிந்திருக்கின்றன. வேண்டாத பொருள் ஒன்று படலத்தைத் தாண்டும் தருணத்திலேயே அதைப் பிடித்து வெளியே இறைத்துவிடும். 1976இல் மருந்துக்கு அசையாத செல்களில்தான் இதை முதலில் அடையாளம் கண்டார்கள்: கொடுத்த மருந்தையெல்லாம் செல் துப்பிக்கொண்டிருந்தது. குரோவேஷியாவின் ஸாக்ரெப் நகரில் பிராங்கோ குரேலெட்ஸ் என்ற அறிவியலாளர், அசுத்த நீரில் வாழும் கடற்பஞ்சுகளும் சிப்பிகளும் இதே இறைவையை வைத்துத்தான் பிழைக்கின்றன என்று காட்டினார். மனிதன் மருந்து கண்டுபிடிப்பதற்குப் பல கோடி ஆண்டுகள் முன்பே சிப்பியின் செவுளில் இந்த ஏற்பாடு இருந்திருக்கிறது. பாசிகள் சுரக்கும் நஞ்சு, அழுகும் உடல்களின் எச்சம், கடலடியில் கசியும் எண்ணெய் என்று இயற்கையிலேயே கடலில் விஷத்துக்குக் குறைவில்லை. அவற்றுக்கெல்லாம் சேர்த்துத்தான் இந்தக் காவல். எந்தெந்த விஷம் வரும் என்று பட்டியல் போட்டுக்கொண்டு காத்திருக்காமல், அறிமுகமில்லாத எதையும் வெளியேற்று என்ற ஒற்றைக் கட்டளையோடு நிற்கும் காவல்.

அதையும் நாம் கெடுத்தோம், வாசனைக்காக. சோப்பிலும் சலவைத் தூளிலும் சேர்க்கும் செயற்கைக் கஸ்தூரிகள் இருக்கின்றனவே, அவை தம்மளவில் பெரிய விஷம் அல்ல. 2005இல் கலிபோர்னியாவில் டில் லுக்கன்பாக், டேவிட் எபெல் இருவரும் சிப்பியின் செவுளை இந்தக் கஸ்தூரி கலந்த நீரில் வைத்துப் பார்த்தார்கள். இறைவைகள் வேலையை நிறுத்தின. அதிர்ச்சி அதில்கூட இல்லை. கஸ்தூரி நீரிலிருந்து எடுத்துச் சுத்தமான நீரில் விட்ட பிறகும் ஒரு நாள், இரண்டு நாள் வரை இறைவை சரியாக இயங்கவில்லை. கஸ்தூரி யாரையும் கொல்லவில்லை. காவலை மட்டும் எடுத்துவிட்டது. அதன் பின்னால் வரும் வேறு எந்த நஞ்சும் தடையின்றி நுழையலாம். ஒவ்வொரு ரசாயனத்தையும் தனித்தனியே சோதித்து 'பாதுகாப்பானது' என்று முத்திரை குத்தும் நம் வழக்கத்துக்கு இந்தச் சோதனை ஒரு நல்ல அடி.

உலோகங்களின் கதை வேறு. செம்பும் துத்தநாகமும் இல்லாமல் செல் இல்லை. நண்டின் ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமப்பதே செம்புதான். அதனால் உலோகத்துக்கென்று செல்லின் படலத்தில் வாசல்கள் இருக்கின்றன. காட்மியம் அந்த வாசல்களில் வருகிறது. அதன் அயனியின் அளவும் மின்னேற்றமும் கால்சியத்தை ஒத்தவை, வேதிக் குணம் துத்தநாகத்தை ஒத்தது. கால்சியத்துக்கான கதவைத் திறந்துகொண்டு அது உள்ளே போய்விடுகிறது. ஈயமும் கால்சியம் போலவே நடிக்கும். மெத்தில் பாதரசம் இன்னும் கெட்டிக்காரத்தனம் உள்ளது. சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தோடு சேர்ந்துகொண்டால் அது மெத்தியோனின் என்ற இன்னொரு அமினோ அமிலத்தின் சாயலைப் பெற்றுவிடும். மெத்தியோனின் செல்லுக்கு உணவு. கல்யாண வீட்டில் பட்டுச் சட்டை போட்டுக்கொண்டு வருகிறவனை வாசலில் யார் தடுப்பார்? பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டார் என்றும், மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டார் என்றும் நினைத்துப் பந்தியில் உட்காரவைத்துவிடுவார்கள். மூளையைச் சுற்றியுள்ள தடுப்பையும் மெத்தில் பாதரசம் இந்த மரியாதையோடுதான் தாண்டுகிறது. ஜப்பானின் மினமாட்டா வளைகுடாவில் மீனும் சிப்பியும் உண்ட மக்களின் கைகால் நடுங்கியதும் பேச்சுக் குழறியதும் இந்த வழியில்தான். 1956இல் நோய் வெளிப்பட்டது, அதற்குக் காரணமான ஆலைக் கழிவு 1968 வரை கடலில் கலந்தது. நம் கொடைக்கானலில் 2001இல் மூடப்பட்ட வெப்பமானி ஆலையின் பாதரசம் ஏரி மீன்வரை போய்ச் சேர்ந்ததை ஆய்வாளர்கள் அளந்து எழுதியிருக்கிறார்கள்.

உள்ளே வந்துவிட்ட உலோகத்தைச் செல் என்ன செய்கிறது? இறைத்து வெளியேற்றவும் வழி போதாது, தாராளமாக அலையவிடவும் முடியாது. இந்த இக்கட்டுக்குச் செல் கண்டிருக்கும் விடையைப் படிக்கும்போதெல்லாம் எனக்குத் திருநீலகண்டன் நினைவுதான் வரும். மெட்டல்லோதயோனின் என்பது ஒரு சின்னஞ்சிறு புரதம். 1957இல் மார்கோஷஸ், வாலீ இருவரும் குதிரையின் சிறுநீரகத்திலிருந்து முதன்முதலில் பிரித்தார்கள். பாலூட்டிகளில் அதன் நீளம் 60 சொச்சம் அமினோ அமிலம். அதில் 20 சிஸ்டீன். சிஸ்டீனுக்குக் கந்தகம் உண்டு. கந்தகத்துக்குக் காட்மியத்தின் மேலும் பாதரசத்தின் மேலும் தீராப் பிடிப்பு. 20 கந்தகக் கைகள் சேர்ந்து 7 உலோக அயனிகளை நடுவில் வைத்துப் பொதிந்துகொள்கின்றன. விழுங்கவும் இல்லை, உமிழவும் இல்லை, கண்டத்தில் நிறுத்துவது. ஆலகாலத்தை அப்படி நிறுத்தியதற்காக ஒருவனைக் கும்பிடுகிறோம். சிப்பியின் செவுளிலும் செரிமானச் சுரப்பியிலும் இந்த வேலை நொடிக்கு நொடி நடந்துகொண்டிருக்கிறது.

இதில் இன்னொரு நுட்பம். ஆபத்தில்லாத நாட்களில் இந்தப் புரதம் துத்தநாகத்தைச் சேர்த்து வைத்திருக்கும். காட்மியம் வந்ததும் துத்தநாகத்தைத் தள்ளிவிட்டு அதன் இடத்தில் அமர்கிறது. விடுபட்ட துத்தநாகம் செல்லுக்குள் அலைகிறது. அதையே சேதியாக எடுத்துக்கொண்டு, இன்னும் மெட்டல்லோதயோனின் செய் என்று மரபணுவுக்கு ஆணை போகிறது. தாக்குதலே எச்சரிக்கை மணியையும் அடித்துவிடுகிறது. மணி அடிப்பதற்கென்று தனி ஆள் வேண்டியதில்லை.

காட்மியத்தைப் பழித்துக்கொண்டே போகிறேன். ஒரு சிறு நியாயமும் செய்துவிடுகிறேன். கடல்நீரில் துத்தநாகம் அரிதாகிவிட்டால் ஒருவகை மிதவைப் பாசி, கார்பன் டை ஆக்சைடைப் பயன்படுத்தும் தன் நொதியில் துத்தநாகத்துக்குப் பதில் காட்மியத்தைப் பொருத்திக்கொண்டு வேலை நடத்துகிறது. நஞ்சு என்று நாம் ஒதுக்குவதிலிருந்தும் உயிர் பிழைப்புத் தேடுகிறது. அளவும் இடமும் மாறினால்தான் வினை.

அளவு மாறித்தான் விட்டது. மெட்டல்லோதயோனின் செய்யச் சிஸ்டீன் வேண்டும், சக்தி வேண்டும். வளர்ச்சிக்கும் முட்டைக்கும் போக வேண்டியது காவலுக்குச் செலவாகிறது. அசுத்தமான கழிமுகத்துச் சிப்பி செத்து மிதக்காது; மெலிந்து, மெதுவாக வளர்ந்து, குறைவாக ஈன்று, அங்கேயே பிடித்துக்கொண்டு கிடக்கும். கரையில் நிற்பவர் பார்த்தால் எல்லாம் சரியாக இருக்கிறது என்றுதான் சொல்வார்.

சரியில்லை என்பதைச் சொல்லவைக்க ஓர் அழகான வழி இருக்கிறது. இங்கிலாந்தின் பிளிமத்தில் டேவிட் லோ, மைக்கேல் மூர் முதலானோர் வளர்த்தெடுத்தது. சிப்பியின் இரு ஓடுகளுக்கிடையே ஊசியை நுழைத்து, ஓட்டை இழுத்து மூடும் தசையிலிருந்து கொஞ்சம் ரத்தம் எடுப்பார்கள். சிப்பிக்கு நிறமற்ற ரத்தம். ஒரு சொட்டைக் கண்ணாடிச் சில்லில் இட்டு நடுநிலைச் சிவப்பு என்ற சாயத்தைச் சேர்ப்பார்கள். ரத்தச் செல்லுக்குள் லைசோசோம் என்ற நுண்பைகள் உண்டு. செல்லின் குப்பையும் பழுதான உறுப்புகளும் அதற்குள் போய்த்தான் கரைகின்றன. உள்ளே கடும் அமிலம். சாயம் படலத்தைக் கடந்து அமிலத்துக்குள் போனதும் வெளியே வர வழியின்றி மாட்டிக்கொள்ளும். நுண்ணோக்கியில் பார்த்தால் வெளிறிய செல்லுக்குள் மாதுளை முத்துப் போல் சிவந்த பொட்டுகள் தெரியும். அதன்பின் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். நல்ல நீரில் வாழ்ந்த சிப்பியானால் அந்தச் சிவப்பு 120 நிமிடங்களுக்கு மேல் பையிலேயே நிற்கும். நஞ்சால் நலிந்த சிப்பியில் 50 நிமிடத்துக்குள் பைகளின் சுவர் விட்டுக்கொடுத்து, சாயம் கசிந்து, செல் முழுக்கச் செம்மை படர்ந்துவிடும். ஓடு சொல்லாத கதையைச் சாயம் சொல்கிறது. விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். ஓர் ஊசி, ஒரு சாயம், கொஞ்சம் பொறுமை.

லைசோசோம் ஏன் முதலில் நலிகிறது? எல்லாக் கசடும் அங்கேதான் வந்து சேர்கிறது. கெட்டுப்போன புரதம், உலோகம் பொதிந்த மெட்டல்லோதயோனின், எண்ணெய்ப் பிசுக்கு எல்லாம். இப்போது பிளாஸ்டிக்கும். 2008இல் மார்க் பிரவுன் குழுவினர் மிக நுண்ணிய பிளாஸ்டிக் உருண்டைகளைச் சிப்பிக்கு உண்ணக் கொடுத்தார்கள். மூன்றே நாளில் அவை குடலைத் தாண்டி ரத்தத்துக்கு வந்துவிட்டன. 48 நாள் கழித்தும் அங்கே இருந்தன. வேறொரு சோதனையில் பிளாஸ்டிக் துகள்கள் செரிமானச் சுரப்பியின் லைசோசோமுக்குள்ளேயே போய்ச் சேர்ந்ததைப் பார்த்தார்கள். புரதத்தையும் கொழுப்பையும் சர்க்கரையையும் மரபணு இழையையும் அறுக்க அந்தப் பையில் நொதிகள் இருக்கின்றன. பாலித்தீனை அறுக்க ஒன்றும் இல்லை. உயிர்கள் தோன்றிய நாள் முதல் அப்படி ஒரு தேவை வந்ததில்லை.

எண்ணெயைப் பற்றி எண்ணூர்க்காரர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2017 ஜனவரி 28 அன்று காமராசர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதியதும், கரை ஒதுங்கிய கறுப்புக் கூழை மாணவர்களும் மீனவர்களும் வாளி வாளியாக அள்ளியதும் நினைவிருக்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து வந்த எண்ணெய் கொசஸ்தலையாற்றின் கழிமுகத்தில் படகுகளிலும் வலைகளிலும் அலையாத்தி வேர்களிலும் அப்பிக்கொண்டது. கண்ணுக்குத் தெரியும் கூழை அள்ளிவிடலாம். நீரில் கரைந்த பகுதியிலும் சேற்றில் படிந்ததிலும் பென்சோபைரீன் போன்ற பல வளைய ஹைட்ரோகார்பன்கள் இருக்கும். அவை கொழுப்பைத் தேடிப் போகும்.

மீனின் ஈரலில் இவற்றைச் சமாளிக்க ஒரு நொதிக் கூட்டம் இருக்கிறது. எண்ணெயின் மூலக்கூறு வந்து தொட்டதும் அந்த நொதிகள் மளமளவென்று பெருகும். மூலக்கூறில் ஆக்சிஜனைச் செருகி, நீரில் கரையும்படி செய்து, பித்தநீரில் வெளியேற்றும். அருமையான ஏற்பாடு. ஆனால் பென்சோபைரீனை இப்படி மாற்றும் வழியில், பாதித் தொலைவில், ஒரு கொடிய பொருள் உண்டாகிறது. அது மரபணு இழையில் குவானைன் என்ற எழுத்தைப் பற்றிக்கொண்டு விடாது. காக்கப் புறப்பட்ட நொதியே நஞ்சைக் கூர்தீட்டிக் கொடுத்துவிடுகிறது. அமெரிக்காவின் ஓஹையோவில் பிளாக் ஆற்றுக் கெளுத்தி மீன்களின் ஈரலில் இதனால் புற்று வந்தது. ஆற்றோரம் இருந்த கரிச்சூளை 1983இல் மூடியபின் சில ஆண்டுகளில் அந்தப் புற்று வெகுவாகக் குறைந்தது.

சிப்பிக்கு இந்த நொதிக் கூட்டம் வலுவற்றது. அதனால் எண்ணெயை மாற்றவும் முடியாமல், கழிக்கவும் வேகமின்றி, சதையில் சேர்த்துக்கொண்டே போகும். சிப்பிக்கு அது துரதிர்ஷ்டம். நமக்குப் பெரிய உபகாரம். அமெரிக்கக் கடலியல் அறிஞர் எட்வர்ட் கோல்ட்பெர்க் 1975இல் ஒரு யோசனை சொன்னார்: உலகக் கடற்கரைகளில் என்ன நஞ்சு எவ்வளவு என்று அறிய நீரை அள்ளிக்கொண்டு அலைய வேண்டாம், நீர் கணத்துக்குக் கணம் மாறும், அங்கேயே ஒட்டிக்கிடந்து மாதக்கணக்கில் நீரை இறைத்துச் சேமித்து வைத்திருக்கும் சிப்பியைக் கேளுங்கள். அடுத்த ஆண்டே அமெரிக்கக் கரைகளில் வேலை தொடங்கியது. ஆசியக் கடற்கரைகளுக்கு இதே முறை வந்தபோது தேர்ந்தெடுக்கப்பட்டது நம் பச்சைச் சிப்பி.

சிப்பியின் உறவினர் ஒருவரைப் பற்றி ஒரு வார்த்தை. கப்பல் அடியில் கிளிஞ்சல் ஒட்டாமல் இருக்கப் பூசிய வண்ணத்தில் கலந்த ட்ரைபியூட்டைல் டின் என்ற நஞ்சு, நீரில் ஒரு லிட்டருக்குச் சில நானோகிராம், அதாவது ஒரு கிராமில் நூறு கோடியில் சில பங்கு இருந்தாலே போதும். பெண் கடல்நத்தைகளுக்கு ஆணுறுப்பு முளைத்தது. முட்டைக் குழாய் அடைபட்டு, முட்டை உள்ளேயே தங்கி, பல கரைகளில் அந்த நத்தை இனமே அற்றுப்போனது. இங்கேயும் அதே வேடம்தான். செல்லின் உட்கருவில் ஹார்மோனுக்காகக் காத்திருக்கும் ஓர் ஏற்பியில் அந்த மூலக்கூறு போய்க் கச்சிதமாக உட்கார்ந்துகொண்டது. பன்னாட்டுத் தடை 2008இல் நடைமுறைக்கு வந்தது. பிறகு, பிரிட்டனின் கரைகள் உட்படப் பல இடங்களில் நத்தைகள் திரும்பி வந்தன.

குஞ்சுப் பருவத்தைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. சிப்பி வெளியே ஆண், பெண் ஒன்று போல இருக்கும், திறந்தால் தெரியும். ஆணின் சதை பால் வெள்ளை, பெண்ணுடையது செங்கல் கலந்த ஆரஞ்சு. இரண்டும் விந்தையும் முட்டையையும் திறந்த கடலில் சொரிகின்றன, கோடிக்கணக்கில். அலையும் உப்பும் நடுவே ஒன்றை ஒன்று கண்டு சேர்ந்த முட்டை பிளந்து, பிளந்து, நுண்மயிர் முளைத்துச் சுழன்று நீந்தத் தொடங்கும். ஒன்றிரண்டு நாளுக்குள் முதல் ஓடு வந்துவிடும். அந்த முதல் ஓடு எப்போதும் ஒரே வடிவம்: ஒரு பக்கம் நேர்க்கோடு, மறு பக்கம் அரைவட்டம். ஊசிமுனையைவிடச் சிறிய உடலில் அவ்வளவு திருத்தமான வரைபடம். நீரில் ஒரு லிட்டருக்கு ஒரு கிராமில் லட்சத்தில் ஒரு பங்கு செம்பு இருந்தால் பாதிக் குஞ்சுகளுக்கு அந்த நேர்க்கோடு வராது. ஓடு கோணிப்போகும், அல்லது பாதியில் நின்றுவிடும். செம்பு தாயின் செவுளுக்கு வேண்டியிருந்தது. அவளிடம் அதைப் பொதிந்துவைக்கப் புரதமும் இருந்தது. குஞ்சுக்கு இன்னும் ஒன்றும் சேரவில்லை. உலகெங்கும் ஆய்வகங்களில் நீரின் தரத்தைச் சோதிக்க, அந்த நீரில் இரண்டு நாள் குஞ்சு பொரிக்கவிட்டு, நேர்க்கோடு வந்தவை எத்தனை, வராதவை எத்தனை என்று நுண்ணோக்கியில் எண்ணுவது இன்றும் நடைமுறை.

மாசுபட்ட கரையிலிருந்து சிப்பியை எடுத்துச் சுத்தமான கடலில் தொங்கவிட்டால் என்ன ஆகும் என்றும் பார்த்திருக்கிறார்கள். எண்ணெயின் பெரும்பகுதி சில வாரங்களில் போய்விடும். செம்பும் மெல்ல இறங்கும். லைசோசோமின் சுவர் தேறி, சாயம் மறுபடி நீண்ட நேரம் நிற்கும். காட்மியம் மட்டும் மாதக்கணக்கில் போகாது. கண்டத்தில் நிறுத்தியதை அந்தப் புரதம் அவ்வளவு எளிதில் கைவிடுவதில்லை. நம் சிறுநீரகத்திலும் இதே புரதம் இதே பிடிவாதத்தோடு இருக்கிறது. அங்கே காட்மியம் பாதியாகக் குறையப் 10 முதல் 30 ஆண்டு ஆகும்.

இவ்வளவும் சொன்ன பிறகு, சிப்பி சாப்பிடலாமா என்ற கேள்வி வரும். தாராளமாகச் சாப்பிடலாம். வேகவைத்தால் கிருமி சாகும். சுத்தமான ஓடுநீரில் ஓரிரு நாள் வைத்திருந்தால் குடலில் உள்ள அழுக்கும் போகும். உலோகம் கொதிநீருக்கும் மிளகுக்கும் அசையாது, ஆகவே அது எந்தக் கரையில் வளர்ந்தது என்பதுதான் கணக்கு. கூடைக்காரரிடம் விலை கேட்பதற்கு முன் நான் ஊர் கேட்பேன். எண்ணூர் என்றால் வாங்குவதில்லை. முட்டம் என்றால் பேரம் பேசுவதில்லை.